நோஞ்சான் பிள்ளை கராத்தே ஆசான் ஆனார்!

திருப்பூரில் மாலை நேரம். பனியன் கம்பெனிகளில் ஷிப்டு முடிகிறது. ஒரு பக்கம் ஓவர்லாக் மிஷின்களின் இரைச்சல். இன்னொரு பக்கம் பள்ளிக்கூட மைதானத்தில் சிறுவர் சிறுமியரின் கூச்சல். வெள்ளைப் பருத்திச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் ஒரு துணிக்கச்சை. காலை அகட்டி நிற்கிறார்கள். ஜப்பானிய மொழியில் இச்சி, நீ, சான் என்று எண்ணிக்கொண்டே காற்றில் குத்துகிறார்கள்.

இதுதான் கராத்தே!

இந்தக் கலையை ஜப்பான் தலைநகருக்குக் கொண்டு போனவர் ஒரு படைத்தளபதி அல்ல. ஒரு மல்யுத்த வீரரும் அல்ல. அவர் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியார். உயரம் குறைவு. உடல் மெலிவு. பிறந்தபோது, இந்தக் குழந்தை தங்குமா என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். அவரோ 88 ஆண்டு வாழ்ந்தார். அதில் ஏறக்குறைய 75 ஆண்டு ஒரே கலையை விடாமல் பயின்றார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அவருடைய கராத்தேக்குப் பின்னால் ஒரு தறி ஓடியது. அந்தத் தறியில் உட்கார்ந்து நெய்தவர் அவருடைய மனைவி. பல்லடம், சோமனூர்ப் பக்கத்துத் தறி வீடுகளுக்கு இந்தக் கதை எளிதில் புரியும்.

அவர் பெயர் கிச்சின் புனகோஷி.

குறை மாதக் குழந்தை

ஜப்பானுக்குத் தெற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளில் ஒன்று ஒகினாவா. அது ஒரு காலத்தில் தனி ராஜ்யம். அதன் தலைநகரம் ஷூரி. அங்கே அரசர் இருந்தார். கோட்டை இருந்தது. 1879-இல் ஜப்பான் அரசாங்கம் அந்த ராஜ்யத்தைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டது.

அந்த ஷூரி நகரில் 1868-ஆம் ஆண்டு புனகோஷி பிறந்தார். குறை மாதத்தில் பிறந்த குழந்தை. எப்போதும் ஏதாவது நோய். தாய்வழித் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார். தாத்தா நன்கு படித்தவர். சீன ஞானி கன்பூசியசின் நூல்களைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

குடும்பம் பழைய அரசு ஊழியக் குடும்பம். பெயர் பெரிது, கையில் காசு இல்லை. தகப்பனார் கம்பு வீசுவதில் வல்லவர். ஆனால் குடிப்பழக்கம் உள்ளவர். வீட்டுச் சொத்து அதில் கரைந்தது.

பள்ளிக்கூடத்தில் புனகோஷிக்கு ஒரு நண்பன் கிடைத்தான். அந்த நண்பனின் தந்தை அசாட்டோ என்னும் பெரிய மனிதர். வாள் வீச்சு, குதிரை ஏற்றம், வெறுங்கைச் சண்டை எல்லாவற்றிலும் கைதேர்ந்தவர். அந்தத் தொடர்புதான் நோஞ்சான் பிள்ளையின் வாழ்க்கையை மாற்றியது.

கையில் ஒரு விளக்கு

அந்தக் காலத்தில் ஒகினாவாவில் கை வித்தையை யாரும் வெளிப்படையாகக் கற்பதில்லை. ஆசான் யார், மாணவன் யார் என்பதுகூடப் பிறருக்குத் தெரியாது. இரவில்தான் பாடம் நடக்கும்.

பகலில் புனகோஷி தாத்தா வீட்டில் இருப்பார். ஊர் அடங்கியதும் கிளம்புவார். நிலா இல்லாத இரவுகளில் கையில் ஒரு சிறு விளக்கு. அந்த வெளிச்சத்தில் நடந்து அசாட்டோவின் வீட்டுக்குப் போவார். விடியும் நேரத்தில் திரும்பி வருவார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது விளங்கவில்லை. வாலிபப் பிள்ளை இரவெல்லாம் எங்கே போகிறான்? தகாத இடத்துக்குத்தான் போகிறான் என்று சிலர் பேசினார்கள். புனகோஷி மறுக்கவில்லை. மறுத்தால் ரகசியம் வெளியாகிவிடுமே!

ஒரே பாடம், பல மாதம்

அங்கே என்ன பாடம் நடந்தது? கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரே பாடம்தான்!

கராத்தேயில் கட்டா என்று ஒன்று உண்டு. எதிரி ஒருவன் முன்னால் நிற்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். அவன் அடியைத் தடுத்து, திரும்பி, குத்தி, உதைக்கும் அசைவுகளை ஒரு வரிசையாகச் செய்ய வேண்டும். நம் ஊர்ச் சிலம்பத்தில் ஆட்டக்காரர் தனியாக அடிவரிசை போடுவதைப் போன்றது அது.

அந்தக் கட்டாவில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் செய்ய வைத்தார் அசாட்டோ. ஆசான் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். முற்றத்தில் மாணவன் வேர்வை சொட்டச் செய்வான். முடித்ததும் ஆசான் மறுபடியும் செய்யச் சொல்வார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. புனகோஷிக்குச் சலிப்பு வரும். அவமானமாகவும் இருக்கும். சில இரவுகளில் அழுகை வந்துவிடும். ஆனாலும் அடுத்த இரவு விளக்கை ஏந்திக்கொண்டு மீண்டும் போவார்.

நன்றாகச் செய்தால் ஆசான் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் பாராட்டாக வரும். அன்றுதான் அடுத்த பாடம்.

பிறகு அசாட்டோவின் நண்பரான இட்டோசு என்னும் ஆசானிடமும் கற்றார். டெக்கி என்ற பெயரில் மூன்று கட்டாக்கள் உண்டு. அந்த மூன்றை மட்டும் பயில ஏறக்குறைய 10 ஆண்டு ஆயிற்று!

இதற்குள் ஓர் அதிசயம் நடந்திருந்தது. நோயாளிப் பையனைக் காணோம்! உடம்பு கட்டுப்பட்டது. நோய்கள் விலகின. மருந்தால் தேறாத உடம்பு தினப் பயிற்சியால் தேறிவிட்டது. இந்தக் கலைக்குத் தாம் கடன்பட்டவர் என்ற எண்ணம் அன்றே அவர் மனத்தில் பதிந்தது.

குடுமியால் போன டாக்டர் படிப்பு

புனகோஷிக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. டோக்கியோ மருத்துவப் பள்ளியின் நுழைவுப் பரீட்சைக்கு வயது ஒரு தடையாக இருந்தது. பிறந்த ஆண்டை 1870 என்று மாற்றிக்கொண்டு எழுதினார்; தேறியும் விட்டார். ஆனால் குடுமி குறுக்கே வந்தது!

ஒகினாவாவில் உயர்குடி ஆண்கள் குடுமி வைத்திருந்தார்கள். புதிய அரசாங்கம் குடுமியை எடுக்கச் சொன்னது. பழைய குடும்பங்கள் இதை ஏற்கவில்லை. புனகோஷியின் வீடு அந்தக் கட்சி. குடுமி உள்ளவனுக்கு மருத்துவப் பள்ளியில் இடம் இல்லை. குடுமியை எடுத்தால் வீட்டில் இடம் இல்லை. டாக்டர் படிப்பு போயிற்று.

பிழைக்க வழி வேண்டுமே! ஆசிரியர் பரீட்சை எழுதித் தேறினார். 1888-இல் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. அதற்கும் குடுமி கூடாது என்றது அரசாங்கம். இந்த முறை அவர் தயங்கவில்லை. குடுமியை எடுத்தார். புது உடுப்புடன் வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்துத் தகப்பனார் சீறினார். தாயார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின் வாசல் வழியாகப் போய்விட்டார்.

மனைவியின் தறி

ஆசிரியர் வேலையில் தொடக்கச் சம்பளம் மாதம் 3 யென். பிறகு கல்யாணம் ஆயிற்று. குழந்தைகள் பிறந்தார்கள். தாத்தா, பாட்டி, தாய், தந்தை எல்லாருமாக வீட்டில் பத்துப் பேருக்கு மேல். வாத்தியார் சம்பளத்தில் இத்தனை பேர் எப்படிச் சாப்பிடுவது?

பாரத்தைச் சுமந்தவர் மனைவி. விடியுமுன் எழுந்து ஒரு மைல் தூரத்தில் இருந்த சிறு துண்டு நிலத்துக்கு நடந்து போவார். காய்கறி பயிரிடுவார். மற்ற நேரத்தில் தறியில் உட்கார்ந்து கசுரி என்னும் துணியை நெய்வார். நெசவுக்கு முன்பே நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் ஏற்றி, பூ விழும்படி நெய்யும் துணி அது. ஒரு சுருள் துணிக்குக் கூலி 6 சென். 100 சென் சேர்ந்தால்தான் ஒரு யென்!

இவ்வளவு உழைத்த பெண், ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்? முற்றத்தில் இறங்கிக் கராத்தே கட்டாக்களைப் பயின்றார்! கணவர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே தேர்ச்சி பெற்றுவிட்டார். அக்கம்பக்கத்தில் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களை விலக்கிவிடும் துணிவும் அவருக்கு இருந்தது.

இரவில் புனகோஷி பயிற்சிக்குப் போவதை அந்த அம்மாள் ஒரு நாளும் தடுக்கவில்லை. வறுமையைக் காட்டி விட்டுவிடச் சொல்லவும் இல்லை. புனகோஷிக்குத் தலைமை ஆசிரியர் ஆகும் வாய்ப்பு வந்தது. ஆனால் தொலைதூரத் தீவு ஒன்றுக்குப் போக வேண்டும். போனால் ஆசான்களைப் பிரிய நேரும். பதவி உயர்வே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அதையும் குடும்பம் தாங்கிக்கொண்டது.

கூரை மேல் ஒரு சோதனை

ஒகினாவா புயல்களின் நாடு. பிற்காலத்தில் அவருடைய சீடர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது உண்டு.

ஒரு நாள் கடும் புயல். மக்கள் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள். அந்த நேரத்தில் கூரை மேல் ஒருவர் ஏறினார். இடுப்பில் ஒரு துண்டு. இரண்டு கையிலும் தரையில் விரிக்கும் கனத்த வைக்கோல் பாய். பாயைக் காற்றுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, குதிரை மேல் உட்கார்வது போலக் காலை அகட்டி நின்றார். புயல் அவரைத் தூக்கிக் கீழே சேற்றில் எறிந்தது. எழுந்தார். மறுபடியும் ஏறினார்!

தாம் பல ஆண்டு பயின்ற நிலை உறுதியானதா என்று சோதித்துப் பார்த்தவர் வாத்தியார் புனகோஷிதான். யாரையும் அடித்துப் பார்த்து அவர் தம் பலத்தை அளக்கவில்லை. புயலிடம் அளந்தார்.

திருடர்களுக்குக் கொடுத்த பலகாரம்

ஒரு மாலை புனகோஷி தனியாக நடந்து வந்தார். முன்னோருக்குப் படைப்பதற்காகக் கையில் பலகாரப் பொட்டலம். வழியில் பைன் மரக்காடு. அங்கே இரண்டு முரடர்கள் வழிமறித்துப் புகையிலை கேட்டார்கள். அவர் புகை பிடிக்கிறவர் அல்ல. இல்லை என்றதும் கையில் இருந்ததைக் கேட்டு மிரட்டினார்கள்.

கைகால்களை ஆயுதமாகப் பழக்கியவர் அவர். இருந்தும் கை ஓங்கவில்லை. பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பின்னர் ஆசான்கள் இருவரிடமும் இதைச் சொன்னார். கோழை என்று ஏசுவார்களோ? இல்லை. இருவருக்கும் மகிழ்ச்சி. இனி முன்னோருக்கு எதைப் படைப்பாய் என்று அசாட்டோ வேடிக்கையாகக் கேட்டார். மனமார ஒரு பிரார்த்தனையைப் படைப்பேன் என்று புனகோஷி பதில் சொன்னார். அடிக்கத் தெரிந்தும் அடிக்காமல் வந்த அன்றுதான் மாணவன் தேறிவிட்டான் என்று ஆசான்களுக்குத் தெரிந்தது.

ரகசியம் வெளியே வந்தது

1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காலம் மாறியது. கல்வி அதிகாரி ஒருவர் ஒகினாவாப் பள்ளிகளைப் பார்க்க வந்தார். இட்டோசுவின் மேற்பார்வையில் கராத்தே அவருக்குச் செய்து காட்டப்பட்டது. அவர் மகிழ்ந்தார். அதன்பின் பள்ளிக்கூடங்களில் கராத்தே பாடமாயிற்று. இருட்டில் வளர்ந்த கலை வெயிலுக்கு வந்தது!

அசாட்டோ 1906-இலும், இட்டோசு 1915-இலும் காலமானார்கள். 1921 மார்ச்சில் ஜப்பான் பட்டத்து இளவரசர் ஹிரோஹிட்டோ ஐரோப்பா போகும் வழியில் ஒகினாவாவில் இறங்கினார். ஷூரிக் கோட்டையில் அவர் முன்னே கராத்தே நடந்தது. அதற்குப் பொறுப்பு ஏற்றவர் புனகோஷி.

மறு ஆண்டு, 1922 மே மாதம், டோக்கியோவில் தேகப்பயிற்சிக் கண்காட்சி. ஒகினாவாவின் சார்பில் அங்கே போனார். அப்போது அவருக்கு வயது 53. ஆசிரியர் வேலையில் இருந்து விலகியிருந்தார். கண்காட்சி முடிந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் ஊர் திரும்பவில்லை!

தம் கையால் தைத்த உடை

ஜூடோ என்னும் மல்யுத்தக் கலையை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. பெரும் புகழ் பெற்றவர். அவர் புனகோஷியைத் தம் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தார். அங்கே கராத்தேயைச் செய்து காட்ட வேண்டும்.

என்ன உடுப்பது? ஒகினாவாவில் கராத்தேக்கு என்று தனி உடை கிடையாது. புனகோஷி டோக்கியோவின் கண்டா கடைத்தெருவுக்குப் போனார். வெள்ளைத் துணி வாங்கினார். ஜூடோ உடையின் மாதிரியில் தம் கையாலேயே தைத்தார்! இன்று உலகமெங்கும் பிள்ளைகள் உடுத்தும் வெள்ளைக் கராத்தே உடையின் தொடக்கம் இப்படிப்பட்டதுதான்.

நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கிமா என்ற இளைஞரைத் துணையாக வைத்துக்கொண்டு செய்து காட்டினார். கானோ வியந்தார். எல்லாக் கட்டாக்களையும் கற்க எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தார். ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்றார் புனகோஷி. அப்படியானால் இரண்டு மூன்றாவது கற்றுத்தர வேண்டும் என்று கானோ கேட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆசான் மாணவனாக நின்றது புனகோஷியின் உள்ளத்தைத் தொட்டது.

ஊருக்குப் புறப்படும் நேரத்தில் ஓவியர் கொசுகி ஹோவான் வந்து தமக்கும் கற்பிக்கும்படி வேண்டினார். புனகோஷி யோசித்தார். கராத்தேயை நாடு முழுவதும் பரப்ப இதுவே சமயம். ஆனால் குடும்பம்? மனைவிக்குக் கடிதம் எழுதினார். குடும்பத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், எடுத்த காரியத்தை முடியுங்கள் என்று அந்த அம்மாள் பதில் அனுப்பினார். முன்னோர் வழிபாட்டை விட்டுவிட்டு வர முடியாது என்று அவர் மட்டும் ஒகினாவாவிலேயே தங்கினார்.

தோட்டக்காரர் யார்?

டோக்கியோவில் ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அங்கே ஒரு சிறு அறை கிடைத்தது. விடுதியின் கூடத்தில் வகுப்பு நடந்தது. மாணவர்கள் மிகச் சிலர். வருமானம் போதவில்லை.

53 வயது ஆசான் என்ன செய்தார்? விடுதிக்குக் காவல்காரர் ஆனார். தோட்டக்காரர் ஆனார். அறைகளைப் பெருக்கினார். விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே கற்றுக்கொடுத்து, அதற்கு ஈடாகச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார். கையில் காசு தீர்ந்தபோது, ஒகினாவாவில் கையால் நெய்த உடையையும் பழைய தொப்பியையும் அடகுக் கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் எதிர்பார்த்ததற்கு மேல் பணம் கொடுத்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது. கடைச் சிப்பந்தியின் தம்பி அவரிடம் கராத்தே கற்கும் மாணவன்!

ஒரு நாள் பத்திரிகை நிருபர் ஒருவர் விடுதிக்கு வந்தார். தோட்டத்தில் பெருக்கிக்கொண்டிருந்த கிழவரிடம், கராத்தே ஆசான் எங்கே என்று கேட்டார். கிழவர் சற்று இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். உடை மாற்றிக்கொண்டு வந்து, தாமே புனகோஷி என்று வணங்கினார். நிருபர் திகைத்துப் போனார்!

பூகம்பம்

1922-இல் புனகோஷி கராத்தேயைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். மறு ஆண்டு, 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி, டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. தொடர்ந்து தீ. ஒரு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். புத்தகத்தின் அச்சு அச்சுகள் எல்லாம் அழிந்தன. மாணவர்களில் சிலர் போன இடம் தெரியவில்லை.

பிழைப்புக்காக ஒரு பாங்கியில் ஸ்டென்சில் எழுதும் வேலை பார்த்தார். விடுதிக் கூடம் பழுதாகிவிட்டதால், நாகயாமா என்ற வாள் வித்தை ஆசான் தம் கூடத்தில் இடம் கொடுத்தார். பாடம் நிற்கவில்லை. 1924-இல் கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தேச் சங்கம் தோன்றியது. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களும் அவரை அழைத்தன. 1925-இல் புத்தகமும் மறுபடி வெளிவந்தது.

வெறுங்கை

பழைய எழுத்து முறையில் கராத்தே என்ற சொல்லுக்குச் சீனக் கை என்று பொருள். இந்தக் கலையின் ஒரு வேர் சீனாவில் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து சீனா சென்ற போதிதருமரை அந்த வேருக்கும் முன்னால் வைத்துச் சொல்லும் மரபுக் கதையைப் புனகோஷியும் தம் நூலில் எழுதினார். போதிதருமர் நம் காஞ்சிபுரத்தவர் என்று தமிழ்நாட்டில் சொல்வது வழக்கம். உறுதியான வரலாற்றுச் சான்று இல்லாவிட்டாலும், கடல் கடந்தும் நிலைத்த கதை அது.

புனகோஷி சொல்லின் ஒலியை மாற்றவில்லை, எழுத்தை மாற்றினார். வெறுங்கை என்று பொருள் வரும்படி எழுதினார். கையில் ஆயுதம் இல்லை என்பது ஒரு பொருள். மனத்தில் கெட்ட எண்ணமும் அகந்தையும் இல்லை என்பது மற்றொரு பொருள். ஒகினாவாவில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. காலப்போக்கில் அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு காரியத்தில் மட்டும் அவர் கடைசிவரை பிடிவாதக்காரர். கராத்தேயை அடிதடிப் போட்டியாக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கவசம் அணிந்து மோதிப் பார்த்தார்கள். அங்கே கற்பிப்பதையே விட்டுவிட்டார். கராத்தேக்காரன் முதலில் கை ஓங்கக் கூடாது. மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிய வேண்டும். இதுவே அவர் கொள்கை. இளைஞர்கள் எல்லாரும் அதை ஏற்கவில்லை. இன்று போட்டிகள் இல்லாத கராத்தே அரிது.

மண்ணாகிப் போன கூடம்

ஊரில் இருந்த காலத்தில் ஷூரிக்குப் பக்கத்துக் குன்றில் உலாவுவது அவர் வழக்கம். பைன் மரங்களில் காற்று மோதும் ஓசை அலை ஓசை போலக் கேட்கும். அந்த நினைவில் ஷோட்டோ, அதாவது பைன் மர அலை, என்று புனைபெயர் வைத்துக்கொண்டு கவிதை எழுதினார்.

1930-களின் பின்பகுதியில் சீடர்கள் நிதி திரட்டி டோக்கியோவில் சொந்தப் பயிற்சிக்கூடம் கட்டிக்கொடுத்தார்கள். ஷோட்டோவின் கூடம் என்று பொருள்பட ஷோட்டோகான் என்று பெயர் வைத்தார்கள். அப்போது அவர் 70 வயதை நெருங்கிவிட்டார். இன்று உலகில் மிகப் பரவலாக உள்ள கராத்தே வகைகளில் ஒன்றுக்கு இதுவே பெயர்.

பிறகு போர் வந்தது. அவரிடம் கற்ற இளைஞர்கள் பலர் போர்முனையில் மாண்டார்கள். 1945-இல் விமானக் குண்டுக்கு அந்தக் கூடம் இரையாயிற்று. அவருக்கு வலக்கையாக இருந்து கற்பித்த மகன் யோஷிடாகா காசநோயால் இறந்தார். அதே ஆண்டு ஒகினாவாவில் நடந்த போரில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. ஷூரிக் கோட்டை தரைமட்டம் ஆயிற்று.

தறி நெய்து குடும்பத்தைக் காத்த மனைவி, அகதியாகக் கியூஷூ தீவின் ஒயிட்டா என்னும் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். புனகோஷி அங்கே போய்ச் சேர்ந்தார். பல ஆண்டுப் பிரிவுக்குப்பின் கூடிய அந்த வாழ்வும் நீடிக்கவில்லை. 1947-இல் மனைவி காலமானார். அஸ்தியை ஏந்திக்கொண்டு கிழவர் டோக்கியோவுக்கு ரயில் ஏறினார். வழி நெடுக நிலையங்களில் பழைய மாணவர்கள் வந்து நின்றார்கள். தலை குனிந்து வணங்கினார்கள்.

80 வயதில் ஒரு வெட்கம்

போருக்குப் பிந்திய பஞ்ச காலம். ஓர் இரவு புனகோஷி தனியாக வந்துகொண்டிருந்தார். வயது 80-ஐ ஒட்டியிருக்கும். ஒருவன் பாய்ந்து அவர் குடையைப் பறிக்க வந்தான். கிழவர் சட்டென்று குனிந்து அவனை அசையமுடியாதபடி பிடித்துவிட்டார்! ரோந்து வந்த போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார்.

மற்றவராக இருந்தால் பெருமை பேசியிருப்பார். புனகோஷியோ வெட்கப்பட்டார். போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஏழையாக இருக்க வேண்டும் அவன். அவனிடம் கை வைத்துவிட்டோமே! தாம் போதித்ததைத் தாமே மீறிவிட்டதாக எண்ணி வருந்தினார். வாலிபத்தில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்ததையே பெரிய வெற்றியாக எண்ணியவர் அவர்.

கடைசி வரை

1949-இல் சீடர்கள் ஜப்பான் கராத்தேச் சங்கத்தை நிறுவி அவரைக் கௌரவத் தலைமை ஆசானாக வைத்தார்கள். முதுமையிலும் அவர் தினசரி ஒழுங்கை விடவில்லை. மது இல்லை, புகை இல்லை, அளவான சாப்பாடு. காலையில் நேரம் எடுத்துத் தலை வாரி, உடையைச் செம்மையாக உடுத்தி, ஒகினாவா இருக்கும் திசையை நோக்கி வணங்குவார். பிறகு கட்டா. சிறு வயதில் விளக்கு வெளிச்சத்தில் நடந்து போய்க் கற்ற அதே கட்டா!

1957 ஏப்ரல் 26-ஆம் தேதி புனகோஷி மறைந்தார்.

அவர் போனபின் சீடர்கள் கருத்து வேறுபட்டு இரு பிரிவாகப் பிரிந்தார்கள். கலை நிற்கவில்லை. அவர் பிறந்து நூறு ஆண்டு ஆன 1968-இல் கமகுரா நகரின் எங்காக்குஜி கோயிலில் நினைவுக் கல் நாட்டினார்கள். முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்ற அவர் கொள்கை அந்தக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் கராத்தே முதல் முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்களுக்கான கட்டாவில் தங்கப் பதக்கம் வென்றவர் ரியோ கியூனா. அவரும் ஒகினாவாக்காரர்தான்!

பனியன் துணியைப் பின்னும் மிஷினில் ஊசி ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக்கொண்டே போகிறது. ஒரு கண்ணியைப் பார்த்தால் ஒன்றுமில்லை. விடாமல் கோத்தால் துணி. ஓரிடத்தில் கண்ணி விட்டால் பிரிந்துகொண்டே போகும். இது திருப்பூரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். புனகோஷியின் வாழ்க்கையும் அப்படித்தான் பின்னப்பட்டது. ஒரு நாள் பயிற்சியால் அவர் ஆசான் ஆகவில்லை. வறுமை, பூகம்பம், போர், மரணம் எது வந்தபோதும் மறுநாள் எழுந்து அதே அசைவைச் செய்தார். அவர் கண்ணி விடாமல் இருக்க, வீட்டில் ஒரு பெண் நூல் அறாமல் நெய்துகொண்டிருந்தார்.

மாலையில் மைதானத்தில் பயிற்சி முடிகிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று குனிந்து வணங்குகிறார்கள். அந்த வணக்கத்தில் ஒரு பங்கு ஒகினாவாவின் ஏழை வாத்தியாருக்கு. மற்றொரு பங்கு அவர் வீட்டுத் தறிக்கு!